தம்பிக்கு ஏ.டி.எச்.டி: சம்பளம் வந்தும் 7ஆம் தேதி டெபிட் ஆர்டர் திரும்பிப் போகிறது, எப்படிச் சரி செய்வது?

ஃபீனிக்ஸ்_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு 29 வயது. ஏ.டி.எச்.டி (கவனம் நிற்காமல் சிதறும், அவசரப்படும் குறைபாடு) என்று மனநல மருத்துவர் இப்போதுதான் உறுதி செய்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வேலை, தனியாக அவுட்பில்டிங் (பெரிய வீட்டை ஒட்டிய சின்னத் தனி வீடு) ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான். வரவு செலவைச் சுருக்கமாகப் போடுகிறேன்.

கைக்கு வரும் சம்பளம் 22,400 ரேண்ட், 25ஆம் தேதி. டெபிட் ஆர்டர்கள் (கம்பெனிகள் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிப்பவை): கார் தவணை 4,150, கார் இன்ஷூரன்ஸ் 980 (இரண்டும் 1ஆம் தேதி), ஜிம் 449 (3ஆம் தேதி), இரண்டு துணிக்கடை அக்கவுண்ட் 420, 360 (7ஆம் தேதி), ஃபியூனரல் பாலிசி (இறுதிச் சடங்குக் காப்பீடு) 185 (15ஆம் தேதி), செல்போன் கான்ட்ராக்ட் 599 (28ஆம் தேதி). இது போக வாடகை 5,200, ப்ரீபெய்ட் கரண்ட் 900, கார்டில் பிடிக்கும் சப்ஸ்கிரிப்ஷன்கள் 310, டாக்டர், மருந்து 1,100. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். துணிக்கடைகளில் நிற்கும் பாக்கி 5,400, 3,100.

கூட்டிப் பார்த்தால் வரவுக்குள்தான் அடங்குகிறது. ஆனாலும் மாசா மாசம் 7, 15 தேதிகளில் பணம் இல்லாமல் திரும்புகிறது, அதற்கு வேறு அபராதம். எக்செல், பட்ஜெட் ஆப் எல்லாம் இரண்டு வாரத்தில் நின்றுவிடுகின்றன. மூன்று கேள்விகள்: எந்த மாதிரி ஏற்பாடு நிலைக்கும்? அவனுடைய கார்டையும் பின் நம்பரையும் நான் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? எல்லா டெபிட் ஆர்டரையும் ஒரே தேதிக்கு மாற்ற வேண்டுமா?

---

மெரேபேங்க்_கணக்கர்:

அக்கா, இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம்: பின் நம்பரை வாங்காதீர்கள். பின்னை இன்னொருவரிடம் கொடுப்பது எல்லா பேங்கின் விதிகளுக்கும் எதிரானது. நாளைக்கு யாராவது கணக்கிலிருந்து திருடினால், அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே பேங்க் கையை விரித்துவிடும். அதோடு உங்களுக்கும் அவருக்கும் மாசம் முழுக்கச் சண்டைதான் மிஞ்சும்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் தேவையில்லை என்பது. டெபிட் ஆர்டர் திரும்புவதற்குத் தேதி காரணமில்லை. பில் பணமும் கைச்செலவுப் பணமும் ஒரே கணக்கில், ஒரே கார்டில் கிடப்பதுதான் காரணம். 26ஆம் தேதி ஆப்பைத் திறந்தால் 20,000க்கு மேல் தெரிகிறது. அதில் 13,000 ஏற்கெனவே யாருக்கோ உரியது என்பதை மனசுக்குள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏ.டி.எச்.டியில் சரியாக அந்த இடம்தான் வழுக்கும். கண்ணுக்குத் தெரியும் தொகைதான் மூளைக்குக் கணக்கு, 7ஆம் தேதி என்பது "அப்புறம்". அவருக்குக் கணக்குப் போடத் தெரியும், பொறுப்பும் இருக்கும். மாசம் முழுக்க நினைவில் வைத்திருக்கச் சொல்லும் ஏற்பாடு அவருக்கு ஒத்து வராது, அவ்வளவுதான்.

பலரும் முதலில் செய்வது புதுக் கணக்கு திறந்து டெபிட் ஆர்டர்களை அங்கே மாற்றுவது. அதைச் செய்யாதீர்கள். ஏழு கம்பெனிக்குப் போன், ஏழு புது மேண்டேட் (பிடித்துக்கொள்ள நாம் தரும் அனுமதி), ஒவ்வொன்றுக்கும் டெபிசெக் ஒப்புதல் (அந்த அனுமதியை பேங்க் வழியாக நாமே உறுதி செய்வது). நாலு மாறி மூன்று பழைய கணக்கிலேயே நின்றுவிடும். அப்போது இரண்டு பக்கமும் திரும்பும். டெபிட் ஆர்டர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், கார்டை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

அதாவது, இப்போதைய சம்பளக் கணக்கு இனி பில் கணக்கு. வேறொரு பேங்கில், மாதக் கட்டணம் இல்லாத அல்லது மிகக் குறைந்த கணக்கு ஒன்று செலவுக்கு. வேறு பேங்க் ஏன் என்றால், ஒரே ஆப்புக்குள் இருந்தால் இரண்டு தட்டில் பணம் இந்தப் பக்கம் வந்துவிடும். பேஷாப் (பேங்குகளுக்கு இடையே உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி) வந்த பிறகு வேறு பேங்குக்கும் நொடியில் போகும். அதனால் பில் கணக்கில் பேஷாப் லிமிட்டை ஆகக் குறைவாக வைத்து, ஆன்லைன் வாங்கும் லிமிட்டை 0 ஆக்கிவிடுங்கள். இந்த 0 சப்ஸ்கிரிப்ஷன்களையும் தடுக்கும் என்பதால், அந்த 310க்கு மட்டும் அளவாக லிமிட் வைத்த ஒரு வர்ச்சுவல் கார்டு (ஆப்பில் மட்டும் இருக்கும் கார்டு) எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பேங்கில் அது முடியாவிட்டால் சப்ஸ்கிரிப்ஷன்களைச் செலவு கார்டுக்கு மாற்றுங்கள். பழைய கார்டு வீட்டு அலமாரியில். டாக்சி ஆப், சாப்பாட்டு ஆப், ஆன்லைன் கடை என்று எங்கெல்லாம் அது சேமித்து வைத்திருக்கிறதோ அங்கெல்லாம் அழிக்க வேண்டும். அலமாரியில் பூட்டுவதைவிட இதுதான் முக்கியம், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இனி தொகை. பில் கணக்கிலேயே நிற்க வேண்டியது: டெபிட் ஆர்டர்கள் 7,143, சப்ஸ்கிரிப்ஷன் 310, கரண்ட் 900. வாடகை 5,200ம் மருந்து 1,100ம் சேர்த்தால் 14,653. மீதி 7,747.

அதில் வருஷத்துக்கு ஒருமுறை வருவதை முதலில் கழியுங்கள். உத்தேசமாக, கார் லைசென்ஸ் 650, சர்வீஸ் 4,500, டயர் 5,150, தீபாவளி 4,000, பல், கண்ணாடி 2,500, காவடி, புரட்டாசி, ஆடிக் கஞ்சி என்று கோயில் செலவு 1,200. மொத்தம் 18,000, மாதம் 1,500. மீதி 6,247.

இந்த 6,247ஐ மாதத்துக்கு என்று கொடுக்கக் கூடாது, வாரத்துக்குக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை காலை தானாகப் போகும்படி 1,100. நாலால் வகுக்காமல் ஐந்தால் வகுக்க வேண்டும், ஏனென்றால் சில சம்பளச் சுற்றில் ஐந்து வெள்ளி விழும். நாலு வெள்ளி விழும் மாதத்தில் 1,100 பில் கணக்கிலேயே தங்கும், அது நல்லதுதான். ஐந்துக்கும் 5,500 போனால் கடைசியில் 747 நிற்கும். முதல் இரண்டு மாதம் அதைத் தொடாமல் விட்டால் 1,500க்கு ஆறு ரேண்ட் குறைவாக ஒரு அடித்தளம் சேரும். மூன்றாம் மாதத்திலிருந்து அந்த 747ஐத் துணிக்கடைக் கடனுக்குத் திருப்புங்கள்.

தானாகப் போகும் மாற்றல்களை 25க்கு வைக்காதீர்கள், 26 காலைக்கு வையுங்கள். சம்பளம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அன்றைய மாற்றல் தோற்றுவிடும், பல பேங்குகளில் மறுபடி முயற்சி செய்யாது. வாடகையும் இதே 26இல். ப்ரீபெய்ட் கரண்ட் 900ஐயும் அன்றே மொத்தமாக வாங்கிவிடலாம். 50, 50ஆக வாங்கினால் ஒவ்வொரு முறையும் ஆப்பைத் திறக்க வேண்டும், திறந்தால் பேலன்ஸ் கண்ணில் படும்.

டிசம்பர் தனிக்கதை. பல கம்பெனிகள் 15, 18 தேதிகளிலேயே சம்பளம் போட்டுவிடும், அடுத்தது ஜனவரி 25. நடுவில் ஐந்தாறு வெள்ளி. போனஸ் வந்தால் முதலில் இரண்டு வாரப் பணத்தை, 2,200ஐ, பில் கணக்கில் கட்டிப் போட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போகட்டும்.

---

லெனேஷியாக்காரன்:

மேலே சொன்னதில் முக்கால்வாசி சரி. ஒரு திருத்தம், சில சேர்க்கைகள்.

திருத்தம்: தேதி மாற்றவே வேண்டாம் என்பது கார் இன்ஷூரன்ஸுக்குப் பொருந்தாது. அதை மட்டும் 26 அல்லது 27க்குக் கொண்டு வாருங்கள். ஜிம் திரும்பினால் அபராதத்தோடு போகும். இன்ஷூரன்ஸ் திரும்பினால், இரண்டாவது மாதத்திலிருந்து பொதுவாக 15 நாள் அவகாசம்தான், அதற்குள் கட்டாவிட்டால் கவர் இல்லை. ஆனால் கார் தவணை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தேதி மாற்றும்போது "இந்த மாதம் இரண்டு தடவை எடுப்பீர்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். மாற்றிய பிறகு போனில் டெபிசெக் ஒப்புதல் கேட்டு வரலாம். அதை அந்த நிமிஷமே அழுத்த வேண்டும், "அப்புறம் பார்க்கலாம்" என்றால் மேண்டேட் பதிவாகாது.

டெபிசெக்கில் இன்னொன்று. கணக்கில் பணம் இல்லாவிட்டால் அது சும்மா திரும்பிப் போவதோடு நிற்காது. ட்ராக்கிங் வசதி இருந்தால் 10 நாள் வரை கணக்கைக் கவனித்துக்கொண்டிருக்கும், பணம் விழுந்ததும் எடுத்துவிடும். நீங்கள் பெட்ரோலுக்கு என்று போட்ட 500ஐ ஜிம் எடுத்துக்கொள்வது இப்படித்தான். அவசரத்துக்கு அனுப்பினால் செலவு கணக்குக்கு அனுப்புங்கள்.

எஸ்.எம்.எஸ் அறிவிப்பு எத்தனை ரேண்டிலிருந்து வருகிறது என்று பாருங்கள். 100இலிருந்து என்றால் 1 ரேண்டுக்கு இறக்குங்கள். 99 ரேண்ட் டெபிட் ஆர்டர் மோசடி என்று இந்த நாட்டில் பெயர் வந்ததே, அறிவிப்பு வராத தொகையாகப் பார்த்து எடுத்ததால்தான். தெரியாத டெபிட் ஆர்டரை 40 நாளுக்குள் ஆப்பிலேயே டிஸ்ப்யூட் செய்து, அதாவது "இது என்னுடையது இல்லை" என்று மறுத்து, பணத்தைத் திருப்பலாம். ஆனால் அந்தப் பட்டன் தம்பிக்கு ஆசை காட்டும். தானே கையெழுத்துப் போட்ட ஒன்றைத் திருப்பினால் அன்றைக்குப் பணம் வரும், ஒப்பந்தம் அப்படியே நிற்கும், நிலுவை ஏறும், கிரெடிட் பீரோவுக்கும் (கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனம்) போகும்.

துணிக்கடைக் கடன் இரண்டில் எதை முதலில் முடிப்பது என்றால், வட்டி எங்கே அதிகம் என்று பார்ப்பதுதான் புத்தகக் கணக்கு. இங்கே 3,100ஐ முதலில் முடியுங்கள். தொகை சின்னது என்பதால் வட்டியில் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் ஒரு டெபிட் ஆர்டர் ஒழியும். இப்போதைய 360ஓடு அந்த 747ஐயும் சேர்த்துக் கட்டினால் மூன்று, நாலு மாத வேலை. ஸ்டேட்மெண்டை வரிக்கு வரி பாருங்கள். சர்வீஸ் ஃபீ சட்டப்படி 60 ரேண்ட் வரை, வாட் சேர்த்து 69. இரண்டு கடைக்கு 138. கிரெடிட் லைஃப் இன்ஷூரன்ஸ் (கடனுக்கான காப்பீடு), மாத இதழ், கிளப் என்று இன்னும் சில இருக்கும். கிளப்பையும் இதழையும் போன் போட்டு உடனே நிறுத்தலாம். பாக்கி 0 ஆனால் அக்கவுண்ட் மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். "அக்கவுண்டை மூடுங்கள், பெய்ட்-அப் லெட்டர் அனுப்புங்கள்" என்று, கடன் முழுதும் முடிந்தது என்ற அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். திறந்து கிடந்தால் அடுத்த சேலில் மறுபடி 3,000 ஏறும்.

பேஜஸ்ட்நவ், பேஃப்ளெக்ஸ் மாதிரி "இப்போது வாங்கு, பிறகு கட்டு" தவணைகளுக்கு வட்டி இல்லை என்பது உண்மைதான். இவருக்கு அதில் சிக்கல் தேதிகளில் இருக்கிறது. மூன்று தவணைத் திட்டத்தில் மூன்று பொருள் வாங்கினால் ஒன்பது பிடித்தம், ஒன்றும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஒரு நேரத்தில் ஒன்று என்று வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் ஆப்பையே எடுத்துவிடுங்கள்.

வருஷச் செலவு 1,500ஐ 32 நாள் நோட்டீஸ் கணக்கில் (எடுக்க 32 நாள் முன்பே சொல்ல வேண்டிய சேமிப்புக் கணக்கு) போடுங்கள் என்று யாராவது சொல்லுவார்கள். முழுவதையும் போடாதீர்கள். டயரும் பல்வலியும் 32 நாள் காத்திருக்காது. சர்வீஸ், தீபாவளி, கோயில் மூன்றும் சேர்ந்து 9,700, அதாவது மாதம் 810 ரேண்ட், நோட்டீஸில் போகலாம். மீதி 690 உடனே எடுக்கக்கூடிய சேமிப்புப் பாக்கெட்டில், "டயர்" என்றே பெயர் போட்டு. "சேமிப்பு" என்று பெயர் வைத்தால் எதற்கும் எடுக்கலாம் என்று ஆகிவிடும்.

---

டோங்காட்_மருந்தகம்:

மருந்துச் செலவு 1,100 என்று போட்டிருக்கிறீர்கள். மெதில்ஃபெனிடேட் (ஏ.டி.எச்.டிக்குக் கொடுக்கும் மருந்து) என்றால், இந்த நாட்டில் அது 6ஆம் ஷெட்யூல், கடுமையான கட்டுப்பாடுள்ள மருந்துப் பிரிவு. ரிப்பீட், அதாவது அதே சீட்டில் மறுபடி வாங்குவது, கிடையாது. ஒரு சீட்டுக்கு 30 நாள் மருந்துதான், சீட்டும் எழுதிய நாளிலிருந்து 30 நாளுக்குத்தான் செல்லும். ஆக மாசா மாசம் புதுச் சீட்டு வேண்டும். பல டாக்டர்கள் சீட்டு எழுதவே தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், அதையும் அந்த 1,100க்குள் பாருங்கள். மறதிக்குக் கொடுக்கும் மருந்தை வாங்கவே இத்தனை ஞாபகம் வேண்டியிருக்கிறது, என்ன செய்வது. மருந்து தீர ஒன்பது நாள் இருக்கும்போதே டாக்டருக்குச் செய்தி போகும்படி காலண்டரில் வையுங்கள். கடையில் ஸ்டாக் இல்லாமல் போவதும் உண்டு, அதற்கும் சேர்த்துத்தான் இந்த ஒன்பது நாள்.

ஏ.டி.எச்.டி, மெடிக்கல் எய்டுகள் கட்டாயம் கொடுக்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இல்லை. சில பிளான்களில் கூடுதல் பட்டியலில் இருக்கும். "எங்கள் பிளானில் ஏ.டி.எச்.டி பெரியவர்களுக்கும் உண்டா, எந்த மருந்துக்கு, எவ்வளவு வரை?" என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் மெடிக்கல் எய்டில் உங்களுக்கென்று இருக்கும் சேவிங்ஸிலிருந்து போகும், அது வருஷ நடுவில் தீர்ந்துவிடும். ஜெனரிக் (அதே மருந்தின் விலை குறைந்த வேறு தயாரிப்பு) இருக்கிறதா என்று கேட்டால் நாங்கள் சொல்லியே ஆக வேண்டும்.

பணவேலைக்கு நேரம் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். சாதாரண மெதில்ஃபெனிடேட் நாலு மணி நேரம் அளவுக்கு வேலை செய்யும், நீண்ட நேர வகைகளில் சில 12 மணி நேரம் வரை. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டேட்மெண்டைத் திறந்தால் மருந்தின் வேகம் இறங்கிய நேரம். சனி காலை பத்து மணி நல்லது. பணவேலைக்காக டோஸைக் கூட்டுவது, தள்ளிப் போடுவது எதையும் டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

---

ஃபீனிக்ஸ்_அக்கா:

மூன்று பேருக்கும் நன்றி. லெனேஷியா அண்ணா, நோட்டீஸ் கணக்கு என்றால் செப்டம்பரிலேயே நோட்டீஸ் கொடுக்க ஞாபகம் வேண்டுமே? இன்னும் இரண்டு. ஜிம்முக்கு அவன் போவதே இல்லை, 24 மாத ஒப்பந்தம், 11 மாதம் பாக்கி. அப்புறம், பிரிக்காத கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. நான் போய் உட்கார்ந்தால் பிரிப்பான் போல. என்ன பார்க்க வேண்டும்?

---

லெனேஷியாக்காரன்:

நியாயமான கேள்வி, அதை நான் யோசிக்கவில்லை. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும் என்பதால், புரட்டாசி விரதம் தொடங்கும் வாரத்தில் நோட்டீஸ் கொடுப்பது என்று வையுங்கள், வீட்டில் யாரும் மறக்காத வாரம். அதுவும் கஷ்டம் என்றால் நோட்டீஸ் கணக்கே வேண்டாம், வேறு பேங்கில் கார்டு இல்லாத சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

---

மெரேபேங்க்_கணக்கர்:

ஜிம்மை முடிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவில், கால வரையறையுள்ள ஒப்பந்தத்தை 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம். நியாயமான ரத்துக் கட்டணம் வாங்கலாம், பாக்கி 11 மாதத்தையும் முழுசாகக் கேட்க முடியாது. போனில் சொல்லாமல் மெயில் அனுப்புங்கள்: உறுப்பினர் எண், "14ஆம் பிரிவின்படி 20 வேலை நாள் நோட்டீஸ்", கட்டணத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேட்கும் ஒரு வரி. அந்த 20 நாளுக்குள் வரும் டெபிட் ஆர்டரைத் திருப்பாதீர்கள், அது கடன்தான்.

ஆன்லைனில் அவசரத்தில் வாங்கியதற்கும் ஒரு வழி உண்டு. மின்னணு வர்த்தகச் சட்டப்படி பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பலாம், அனுப்பும் செலவு நம்முடையது, சில பொருள்களுக்கு விதிவிலக்கு. கடையில் நேரில் போய் வாங்கியதை மனசு மாறித் திருப்பச் சட்ட உரிமை இல்லை.

கடிதப் பைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் படிக்க உட்காராதீர்கள், 20 நிமிஷம்தான். எல்லாக் கவரையும் கிழித்துத் தாளை மட்டும் எடுத்து மூன்று குவியல். "129" என்ற எண், "சம்மன்", "சார்ஸ்" (வரித்துறை) என்று இருப்பவை ஒன்று. பேங்க், கடை ஸ்டேட்மெண்ட் இரண்டு, ஒவ்வொரு கடையிலும் கடைசி மாதத்தது மட்டும் போதும். மற்றதெல்லாம் குப்பை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். கவரை அவர் கை கிழிக்கட்டும், நீங்கள் படித்துக் காட்ட ஆரம்பித்தால் அடுத்த சனிக்கிழமை கூப்பிட மாட்டார்.

129ஆம் பிரிவுக் கடிதம் (தேசியக் கடன் சட்டப்படி, வழக்குக்கு முன் கடன்காரர் அனுப்பும் எச்சரிக்கை) இருந்தால் அன்றே தேதியைப் பாருங்கள். அது வந்து 10 வேலை நாள் கழிந்தால், 20 வேலை நாளாவது நிலுவையில் இருக்கும் கடனுக்குக் கடன்காரர் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்குள் பேசி ஒரு தவணை ஏற்பாடு செய்தால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். இவர் கணக்கில் பணம் பற்றாக்குறை இல்லை, அதனால் டெட் ரிவ்யூ (ஆலோசகர் மூலம் கடன் தவணைகளைச் சட்டப்படி மாற்றி அமைப்பது) தேவைப்படாது என்றே நினைக்கிறேன். பையிலிருந்து நமக்குத் தெரியாத கடன்கள் வெளியே வந்து குறைந்தபட்சத் தவணைகளே கட்டுப்படியாகவில்லை என்றால் மட்டும், நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டரில் பதிவு செய்த ஆலோசகரைப் பாருங்கள். பதிவு எண்ணை அவர்கள் தளத்தில் சரிபாருங்கள். ரிவ்யூ முடியும்வரை புதுக் கடன் கிடைக்காது, ஏற்கெனவே சம்மன் வந்த கடனை அதற்குள் கொண்டுவர முடியாது. வேறு கடன் இருக்கிறதா என்று உறுதி செய்ய, ட்ரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் என்ற கிரெடிட் பீரோக்கள் இரண்டிலும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசம். அதையும் அதே சனிக்கிழமை எடுத்துவிடுங்கள்.

சார்ஸ் கடிதம் என்றால் எந்த வருஷத்து ரிட்டர்ன் என்று பாருங்கள். தானியங்கி மதிப்பீடு (சார்ஸ் தானே போட்டு அனுப்பும் வரிக் கணக்கு) ஜூலையில் வருவதால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தானியங்கி மதிப்பீடு வராதவர் போட வேண்டிய ரிட்டர்னைப் போடாவிட்டால் அபராதம் மாதம் 250 ரேண்டில் தொடங்கி வருமானத்துக்கு ஏற்றபடி கூடும். மதிப்பீடு வந்தவரும், தான் கையிலிருந்து கட்டிய மருந்துச் செலவு அதில் சேர்ந்திருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்தகச் சீட்டை வாங்கிய இடத்திலேயே போட்டோ எடுத்து, தனக்குத்தானே ஒரு வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்ளட்டும். வெயிலில் காரில் கிடந்தால் ஆறு மாதத்தில் எழுத்தே இருக்காது, சார்ஸ் ஐந்து வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது.

---

ஃபீனிக்ஸ்_அக்கா:

சரி அண்ணா. இரண்டு பானை பென்ஷனில் (ஒரு பகுதியை ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் ஓய்வூதிய முறை) அவனுக்குக் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, அதை எடுத்துத் துணிக்கடையை மொத்தமாக அடைத்துவிடலாமா என்கிறான்.

---

மெரேபேங்க்_கணக்கர்:

வேண்டாம். குறைந்தது 2,000, வரி வருஷத்துக்கு ஒரே முறை எடுக்கலாம், ஆனால் எடுக்கும் தொகை அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். ஃபண்டின் கட்டணம் வேறு. சார்ஸுக்கு ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் அங்கேயே கழித்துக்கொள்வார்கள். 8,500 கடனை அடைக்க 8,500க்கு மேல் நன்றாகவே எடுக்க வேண்டியிருக்கும். அக்கவுண்ட் இரண்டும் திறந்தே கிடந்தால் அடைத்ததும் மறுபடி ஏறும். முதலில் அந்த 3,100 அக்கவுண்ட் மூடி பெய்ட்-அப் லெட்டர் கைக்கு வரட்டும், அப்புறம் இங்கே வந்து கேளுங்கள்.